டெல்டாவுக்குக் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: பங்கில் பெயர் சேர்ப்பது முதல் அன்றாட வழிபாடு வரை

மாற்றலாகியோ, கல்யாணமாகியோ, வேலை தேடியோ காவிரிப் பாசனப் பகுதிக்குக் குடிவரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த ஊரில் கோயில் மணி அடித்தால் கால் தானாக நடக்கும். புது ஊரில் எந்தக் கோயில் நம் பங்கு (நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தாய்க்கோயில்), யாரிடம் பெயர் கொடுப்பது, பிள்ளையை மறைக்கல்விக்கு எங்கே அனுப்புவது என்று விசாரிப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் ஞாயிறு பூசை விட்டுவிட்டு வரும், வீட்டுச் செபம் நின்றுபோகும். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ வந்தவள். பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வருவதற்கு நிறைய அலைந்தோம். நீங்களும் அந்த அலைச்சல் பட வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குப் பதிவேட்டில் பெயர் ஏறினால் வாசல்வரை வந்துவிட்டோம், அவ்வளவுதான். தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் 12ஆம் அதிகாரத்தில், நம் உடலையே உயிருள்ள பலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார். அதுதான் வழிபாடு என்கிறார். நடவு வயலில் குனிந்திருக்கும் முதுகும், நிற்க இடமில்லாத பஸ்ஸில் வேலைக்குப் போகும் கால்களும் அந்தப் பலியில் சேர்த்திதான். அதனால் இந்த வழிகாட்டியில் தாள், சான்றிதழ் பற்றியும் இருக்கும், கூலி, எடை, பாத்திரம் கழுவுவது பற்றியும் இருக்கும்.

1. உங்கள் பங்கு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான் பங்கு. பிடித்த கோயிலுக்குப் பூசைக்குப் போகலாம், தடை இல்லை. ஆனால் ஞானஸ்நானம், புதுநன்மை (முதல் நற்கருணை), கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் உங்கள் எல்லைக்குட்பட்ட பங்கைத்தான் கேட்பார்கள். ஆகவே முதல் வாரமே விசாரித்துவிடுங்கள்.

டெல்டாவில் குழப்பம் வருவது மறைமாவட்ட எல்லையால். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிதான் மறைமாவட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் பெரும்பாலும் தஞ்சாவூர் மறைமாவட்டம். கும்பகோணம் தனி மறைமாவட்டம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் வரை அது போகிறது. காரைக்கால் பக்கத்திலேயே இருந்தாலும் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பத்து நிமிடப் பயணத்தில் மறைமாவட்டமே மாறிவிடும் ஊர்கள் உண்டு. அரசாங்க மாவட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்துக் கோயிலில் போய்க் கேளுங்கள்.

கிராமம் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: உங்கள் ஊர்க் கோயில் பங்குக் கோயிலா, கிளைக் கிராமமா? கிளைக் கிராமத்தில் வாராவாரம் பூசை இருக்காது. மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்பது உபதேசியாருக்கோ (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) நாட்டாண்மைக்காரருக்கோ தெரியும். அவர்கள் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தை ஒருவரே பல கிராமங்களைப் பார்ப்பதால் நேரம் அடிக்கடி மாறும்.

2. தாள்களைப் பழைய ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்

இதில்தான் எங்களுக்கு அதிக அலைச்சல். கையில் இருக்க வேண்டியவை இவை:

- குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்
- புதுநன்மை, உறுதிபூசுதல் வாங்கியிருந்தால் அதற்கான சான்று
- கோயிலில் நடந்த திருமணத்தின் சான்றிதழ்
- பழைய பங்குத்தந்தையின் அறிமுகக் கடிதம். சந்தா எதுவரை கட்டியிருக்கிறீர்கள் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்
- ஆதார் நகல், இப்போதைய முகவரிக்கு ஒரு சான்று, குடும்பப் புகைப்படம்

ஞானஸ்நானப் பதிவு உங்களோடு ஊர் மாறாது. ஞானஸ்நானம் வாங்கிய கோயிலின் பதிவேட்டில்தான் கடைசிவரை இருக்கும். பிறகு வாங்கும் உறுதிபூசுதலையும் திருமணத்தையும் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். அதனால்தான் கல்யாணம் பேசும்போது, அம்மா பத்திரமாக லேமினேஷன் செய்து வைத்திருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்த நகலைக் கேட்பார்கள். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே சொந்த ஊருக்கு எழுதிவிடுங்கள். கோயிலில் மூன்று ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும், திருமண முன்தயாரிப்பு வகுப்பும் இருக்கும். மூன்று மாத அவகாசம் வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லை.

பெயர் வேறுபாடு அடுத்த சிக்கல். வீட்டில் சூசை, பதிவேட்டில் யோசேப்பு, ஆதாரில் ஜோசப் என்று ஒரே மனிதர் மூன்று பேராக இருப்பார். பழைய பதிவேடுகளில் லத்தீன் வடிவில் எழுதிய பெயர்களும் உண்டு. என் அப்பாவின் பெயர் இப்படி மாறியிருந்ததால், ஒரு கோயில் அலுவலகத்துக்கும் இன்னொரு கோயில் அலுவலகத்துக்கும் நடுவே எங்கள் விண்ணப்பம் நெடுநாள் அலைந்தது. சான்றிதழ் வாங்கும்போதே பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அங்கேயே பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். நோட்டரி உறுதிமொழியெல்லாம் கேட்டால் கொடுத்தால் போதும். முன்கூட்டியே செலவு செய்ய வேண்டாம்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியிருந்தால் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஒருவர் இருந்தாலே போதும். இருவரையும் வெளியூரிலிருந்து வரவழைப்பதற்காக ஞானஸ்நானத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லாதது.

தென்னிந்தியத் திருச்சபை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் சபை மாற்றுக் கடிதம் முக்கியம். பழைய சபையில் சந்தா பாக்கி இருந்தால் கடிதம் தாமதமாகும், அதைத் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே வருவதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

3. அன்பியத்தில் சேருங்கள்

பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போட்டவுடன், நம் தெரு எந்த அன்பியம் என்று கேளுங்கள். இருபது முப்பது வீடுகள் சேர்ந்த ஒரு சிறு குழு அது. வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ ஒவ்வொரு வீடாகக் கூடி விவிலியம் வாசித்துச் செபிப்பார்கள். புது ஊரில் உங்கள் மாமியாருக்கு நடு ராத்திரியில் மூச்சு வாங்கினால் வண்டி கொண்டுவருகிறவர்கள் இவர்கள்தான்.

உங்கள் வீட்டில் கூட்டம் வரும்போது டீயும் சுண்டலும் போதும். ஒரு வீட்டில் பஜ்ஜி, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்து டிபன் என்று போட்டி வளர்ந்தால் இல்லாதவர்கள் வீட்டைக் கொடுக்கக் கூச்சப்பட்டு விலகிப்போவார்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில ஊர்களில் தெருவைப் பார்த்து அன்பியமும், சாதியைப் பார்த்துக் கல்லறையில் இடமும் ஒதுக்குகிற வழக்கம் இன்னும் போகவில்லை. புதிதாக வந்த உங்களிடம் யாராவது ஒருவர் நயமாக வந்து, 'நம்ம ஆளுங்க அந்தப் பக்கம்தான் உட்காருவாங்க' என்று சொல்லக்கூடும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்களுக்குத் தனித்தனிப் பக்கம் கிடையாது. இதை வந்த புதிதிலேயே செய்வது எளிது. நாளானால் பழகிவிடும்.

4. நாளில் மூன்று வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கோயிலில் காலை 6, பகல் 12, மாலை 6 மணிக்கு மூவேளை செப மணி அடிப்பார்கள். மணி கேட்காத தூரத்தில் இருந்தால் கைபேசியில் அலாரம் வையுங்கள். செபம் இரண்டு மூன்று நிமிடம்தான்.

காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் நாளை ஒப்புக்கொடுத்துவிடுங்கள். நீண்ட செபம் வேண்டாம். இன்று என்ன வேலை, யாரைப் பார்க்கப் போகிறோம், எதற்குப் பயப்படுகிறோம் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். 'எல்லாம் உமக்கே ஆண்டவரே' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இன்று பத்து மணிக்கு வங்கியில் கடன் பேசப் போகிறேன், என் வாயில் பொய் வராமல் பார்த்துக்கொள்ளும்' என்று சொன்னால் அது பத்து மணிக்கு ஞாபகம் வரும்.

பகல் வேளை பெரும்பாலும் தவறும். வயலில் கஞ்சி குடிக்க உட்காரும்போது, அலுவலகத்தில் டிபன் பாக்ஸ் திறக்கும்போது ஒரு பரலோக மந்திரம் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் உரக்கச் சொல்லலாம். மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக உரக்கச் சொல்ல வேண்டாம்.

மாலை ஆறு மணியைக் குடும்ப செப நேரமாக வைத்தால் டெல்டாவில் நிற்காது. பஸ் தாமதம், ஆடு மாடு ஓட்டி வருவது, நடவுக் காலத்தில் ஆள்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். வீட்டில் கடைசி ஆள் எப்போது வருகிறார், சின்னப் பிள்ளை எப்போது தூங்கும் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு நடுவில் ஒரு நேரத்தை வையுங்கள். எங்கள் வீட்டில் அது எட்டேகால்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களில் வீட்டுக்காரர் இரவெல்லாம் மடையடியில் கிடப்பார். அப்போது அவர் கையில் செபமாலை இருக்கும். நாங்கள் வீட்டில் தொடங்கும் நேரத்தில் அவர் அங்கே தொடங்குவார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருக்கும் இரவுகளிலும் அப்படியே. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்களோ, மழை வந்து தார்ப்பாயைத் தூக்கிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும் நேரத்தில் அந்தச் செபம் வெறும் வாய்ச் செபமாக இருக்காது.

5. குடும்ப செபம்: பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

தேவையானவை ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), ஒரு மெழுகுவர்த்தி, ஒரு விவிலியம். கடையில் விவிலியம் வாங்கும்போது 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கப் பதிப்புதானா என்று பாருங்கள்; 66 நூல்கள் உள்ளது சீர்திருத்தத் திருச்சபைகளின் பதிப்பு. மறைமாவட்ட நாள்காட்டி ஒன்று சுவரில் மாட்டினால் அன்றன்றைய வாசகம் எது என்று தேட வேண்டாம். தனிச் செப அறையோ மின்விளக்கு அலங்காரமோ இல்லாமலே தொடங்கலாம்.

நாங்கள் பின்பற்றும் வரிசை: சிலுவை அடையாளம், ஒரு பாட்டு, அன்றைய நற்செய்தி, ஒரு நிமிட மௌனம். அப்புறம் ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒன்று, கேட்க ஒன்று சொல்வார்கள். பிறகு செபமாலையில் ஒரு பத்து மணி. கடைசியில் பெரியவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பது. ஐம்பத்து மூன்று மணியும் சொல்லித்தான் தீர வேண்டும் என்று தூங்கி விழும் குழந்தையை உலுக்கி எழுப்பாதீர்கள். முழுச் செபமாலையை அக்டோபர் மாதத்திலும் சனிக்கிழமைகளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் விழக்கூடிய குழிகள் மூன்று.

ஒன்று, செபத்தில் பிறரைத் திட்டுவது. 'ஆண்டவரே, இந்தப் பையன் படிக்காமல் போனையே பார்க்கிறான், இவனுக்குப் புத்தி கொடும்' என்று பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவன் செபத்தையே வெறுத்துவிடுவான். கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கண்டியுங்கள்.

இரண்டு, வீட்டுப் பெண்ணைச் சமையலறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் செபிப்பது. இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கூடத்தில் 'அருள் நிறைந்த மரியே' ஓடிக்கொண்டிருக்கும், அடுப்படியில் ஒருத்தி மட்டும் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். எல்லாரும் சேர்ந்து பாத்திரத்தைக் கழுவி அடுக்கிவிட்டு உட்காருங்கள். அந்தப் பத்து நிமிட வேலையும் செபத்தின் பகுதிதான். ஆண்களும் பிள்ளைகளும் முதலில் செய்ய வேண்டிய பகுதி.

மூன்று, சண்டையோடு உட்காருவது. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறார் இயேசு. மத்தேயு 5ஆம் அதிகாரம். எங்கள் வீட்டில் இதை அப்படியே கடைப்பிடிக்கிறோம். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் இருந்தால் அவர்கள் வெளித்திண்ணைக்குப் போய் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டு வர வேண்டும். அதுவரை மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டோம். சில நாள் ஒன்பது மணி ஆகிவிடும். ஆகட்டும்.

6. ஞாயிறு

சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடமைக்குக் கணக்காகும். ஞாயிறு பணி உள்ள நர்ஸ், போலீஸ், பஸ் ஓட்டுநர், கடை ஊழியர் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமத்தில் சனி மாலைப் பூசை இல்லையென்றால் பக்கத்து நகரத்தில் விசாரியுங்கள். நோயாளிக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் வர முடியாமல் போவது பாவம் ஆகாது. அறுத்த நெல் மழையில் நனையும் நிலை வந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணத்துக்கு விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கேட்காமல் தானே விலக்கிக்கொள்ளப் பழகினால், அறுவடை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடரும்.

சனி இரவே அந்த ஞாயிறின் நற்செய்தியை வாசித்துவிட்டுப் போனால் பிரசங்கம் காதில் ஏறும். நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. யூடியூப் பூசை எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு ஆறுதல். நடக்க முடிந்தவர்களுக்கு அது ஈடாகாது.

7. வேலையையும் கூலியையும் வழிபாட்டுக்குள் கொண்டுவாருங்கள்

முழு இதயத்தோடு அன்பு செய்கிறோமா என்பது பெரும்பாலும் பணம் கைமாறும் இடத்தில்தான் தெரிகிறது. அதனால்தான் இந்தப் படியை நீட்டி எழுதுகிறேன்.

கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம். வயலை அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும், அது ஆண்டவரின் காதுக்கு எட்டும் என்று யாக்கோபு தம் திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். இதை டெல்டாவில் நெல் விளைவிக்கிறவர்களுக்கே எழுதியதுபோல் எனக்குத் தோன்றும். ஆகவே நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் விடும் முன்பே பணத்தைத் தயார் செய்யுங்கள். முதல் நாள் வங்கியில் எடுங்கள், சில்லறை மாற்றி வையுங்கள். ஆள் கூட்டிவரும் கொத்துக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். கையில் பணம் இல்லாத நிலை வந்தால் வேலை தொடங்கும் முன் சொல்லுங்கள், எந்தத் தேதி என்றும் சொல்லுங்கள். வேலை முடிந்து சேற்றோடு வாசலில் நிற்கும்போது 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செபமாலை எடுப்பது கூடவே கூடாது.

அறுவடையில் வயலின் ஓரத்தை வழித்து அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடச் சொல்கிறது லேவியர் 19. இப்போது இயந்திரம்தான் அறுக்கிறது. இயந்திரம் திரும்பும் மூலைகளில் கதிர் நிற்கும், வைக்கோலோடு நெல்மணியும் சிந்தும். அதைப் பொறுக்க வருகிறவர்களை விரட்டாதீர்கள்.

கடை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை தராசைச் சோதிக்கலாம். அலுவலகத்தில் இருப்பவர்கள், மேசைக்கு வந்த கோப்பு எந்த ஏழையுடையது என்று தெரிந்தால் அதை அன்றே நகர்த்தலாம். என்னைப் போல ஆசிரியர்களுக்கு, பின்வரிசைப் பிள்ளைக்கு இன்னொரு முறை சொல்லிக்கொடுப்பதுதான் பலி. மாதக் கடைசியில் அலுத்துப்போய் நிற்கும்போது அது உண்மையிலேயே பலியாகத்தான் இருக்கும். இல்லாதவரிடம் வட்டி வாங்காதே என்பது விடுதலைப் பயணம் 22. அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கைமாற்றுக் கொடுத்தால் நகையைக் கேட்காதீர்கள்.

இதெல்லாம் இல்லாமல் பாட்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். பாட்டு இரைச்சலை நிறுத்து, நீதி வற்றாத ஆறாக ஓடட்டும் என்று கடவுளே சொல்கிறார். மேட்டூர் அணை திறக்குமா என்று ஜூன் 12ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஊரில் அந்த வரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

8. காணிக்கையும் செலவும்

பூசைக் கருத்து, அடக்கம், திருமணம் இவற்றுக்கான காணிக்கையை மறைமாவட்டம் நிர்ணயித்திருக்கும். அலுவலகத்தில் கேளுங்கள், கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பணம் இல்லை என்பதற்காக எந்த ஏழைக்கும் அருட்சாதனங்கள் கிடைக்காமல் போகக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். கையில் இல்லையென்றால் வெட்கப்படாமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

மாதச் சந்தா எங்கள் பங்கில் பெரிய தொகை இல்லை. திருவிழா வரிதான் கனமாக இருக்கும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். தேர், மின்விளக்கு, பேண்டு, வாணவேடிக்கை எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஆடி மாதத்திலிருந்தே மாதம் கொஞ்சமாக ஒதுக்கிவிடுங்கள். வட்டிக்கு வாங்கித் தேருக்குக் கொடுக்காதீர்கள். மகசூல் காணிக்கையைத் தை மாதம் புதுநெல்லாகவே கோயிலில் கொடுக்கலாம், பொங்கல் பூசையில் அதற்கு இடம் உண்டு.

கைபேசியில் செபம் செய்து தருகிறேன் என்று கூப்பிட்டு, மந்திரித்த எண்ணெய் அனுப்புகிறேன், ஜீபே எண்ணுக்குப் பணம் போடுங்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நோயும் கடனும் உள்ள வீடுகளைத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

வீட்டில் செபிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

9. வேளாங்கண்ணி நடைபயணம்

டெல்டாவுக்கு வந்தவுடன் எல்லாருக்கும் இந்த ஆசை வரும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா. இந்த நாள்களில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வேறு மாதத்தில் சாதாரண வார நாளில் போங்கள். மாதா அன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள பூண்டி மாதா பேராலயமும் அமைதியாகச் செபிக்க நல்ல இடம்.

தஞ்சாவூரிலிருந்து நடந்தால் சுமார் 90 கிலோமீட்டர். தனியாகப் போகாதீர்கள், பங்கிலிருந்து கிளம்பும் குழுவில் பெயர் கொடுங்கள். ஆதார் நகல், வீட்டு எண் எழுதிய சீட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இவை இடுப்புப் பையில் இருக்கட்டும். விடியற்காலை நாலு மணி முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நாலுக்கு மேல் நடங்கள். இருட்டில் முதுகில் ஒளிரும் பட்டை கட்டாயம். சாலையோரம் நடக்கிறவர்கள்மேல் வண்டி மோதிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருந்தால் உச்சிவெயிலில் தாரில் கால் வைக்காதீர்கள். வழியில் இந்து, முஸ்லிம் வீட்டார் மோரும் தண்ணீரும் கொடுப்பார்கள். வாங்கிக் குடியுங்கள், டம்ளரைக் கழுவிக் கொடுங்கள், பிளாஸ்டிக்கை வாய்க்காலில் போடாதீர்கள்.

போவதற்கு முன் கூலிப் பாக்கி ஏதும் இருந்தால் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

10. எப்போது தொடங்குவது

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் டெல்டாவுக்கு ஏற்ற நேரம். சம்பா அறுவடை முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் பணம் இருக்கும், தரிசில் தெளித்த உளுந்துக்கும் பயறுக்கும் வேலை குறைவு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) நாள்கள். சுத்தபோசனம் (இறைச்சி சாப்பிடாமல் இருப்பது) 14 வயது நிறைந்ததிலிருந்து. அந்த நாற்பது நாளில் குடும்ப செபத்தையும் சனிக்கிழமை வாசிப்பையும் பழக்கிக்கொண்டால், ஜூனில் குறுவைக்குத் தண்ணீர் வரும்போது வேலை அழுத்தத்திலும் தாக்குப்பிடிக்கும். நடவில் தொடங்கினால் பெரும்பாலும் நின்றுபோகும்.

மனம் ஒட்டாத நாள்கள் வரும். நெல் சாய்ந்த வருடம், பிள்ளை தேர்வில் தவறிய மாதம், வீட்டில் ஒரு சாவு. அப்போது புதுச் செபங்களைத் தேடாதீர்கள். நேரத்தை மட்டும் விடாமல் அதே இடத்தில் உட்காருங்கள், ஒரு சங்கீதம் வாசியுங்கள். 13ஆம் சங்கீதம் 'எவ்வளவு காலம் ஆண்டவரே' என்றுதான் தொடங்குகிறது; அழுகிற வீட்டுக்கு அது போதுமானது. வாசிக்கவும் முடியவில்லையென்றால் அன்பியத்தில் சொல்லுங்கள், அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து உங்களுக்காக வாசிப்பார்கள்.

வீட்டில் படுத்தபடுக்கையாக யாராவது இருந்தால், பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் வீடுவீடாக வந்து நற்கருணை கொடுப்பார். புதன்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயரும் தெருவும் சொல்லிவிடுங்கள். ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வையுங்கள். நோயாளியைத் தலையணை வைத்துச் சற்றே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டிவியை அணைத்துவிடுங்கள், வாசலில் நாய் இருந்தால் கட்டிவிடுங்கள்.